கோய் மீன் அறையில் ஈரம் படிதலும் அதைத் தடுக்கும் முறைகளும்

ஜப்பான் தேசத்தின் நீகட்டா மாகாணத்தில் ஓஜியா, யமகோஷி முதலிய மலைப்புறங்களிலுள்ள நெல் விவசாயிகள், முற்காலத்தில் பாசனக் குட்டைகளில் உணவின்பொருட்டுக் கெண்டை மீன் வளர்த்து வந்தனர். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அம்மீன்களுட் சில நிறம் மாறிப் பிறக்கவே, அவற்றைத் தெரிந்தெடுத்து இனம் பெருக்கினர். 1914-ஆம் வருஷத்தில் டோக்கியோ பொருட்காட்சியில் வைக்கப்பட்ட பின், கோய் என்னும் இவ்வலங்கார மீன்கள் நாடெங்கும் புகழ் பெற்றன. உபதொழிலாகத் தோன்றிய இது இன்று அப்பகுதியில் ஒரு முக்கியத் தொழிலாக இருக்கின்றது.

அம்மலைகளில் குளிர்காலத்தில் ஆளுயரத்திற்கும் மேலாகப் பனி பெய்யும். ஆகையால் கோடையில் மண் குட்டைகளில் வளர்ந்த மீன்களை இலையுதிர் காலத்தில் பிடித்து, கூரையிட்ட கட்டடங்களிலுள்ள சிமெண்டுத் தொட்டிகளில் விட்டு, வேண்டுமளவு நீரைச் சூடாக்கி வளர்க்கின்றனர். அவ்வறைகளில் நேரும் முக்கியமான தொல்லை ஈரமே. கூரை சொட்டுகின்றது, சுவர் வியர்க்கின்றது, வடிகட்டித் தொட்டியைச் சுற்றிலும் எக்காலமும் நனைந்தே இருக்கின்றது. இதனைச் சிறு விஷயமென்று அலட்சியம் செய்தலாகாது. மரச் சட்டங்கள் உளுத்துப்போகும். துத்தநாகம் பூசிய தகட்டிலிருந்து சொட்டும் நீர் துத்தநாகத்தைக் கரைத்துக்கொண்டு தொட்டியில் விழும். அது மீனுக்கு நஞ்சு. எல்லாவற்றிற்கும் மேலாக, சுவிட்சுப் பலகையில் ஈரம் புகுந்து மின்சாரம் நின்றால், பம்பு ஓயும். வடிகட்டியிலுள்ள நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் பிராணவாயுவின்றி மடியும். நெருக்கமாக விடப்பட்ட மீன்களும் மூச்சு முட்டி இறக்கும். பல வருஷத்து உழைப்பு ஓரிரவில் அழிந்துபோகக்கூடும்.

காரணம்

குளிர்ந்த நீர் நிரப்பிய செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதை யாவரும் கண்டிருப்பர். செம்பு ஒழுகுவதில்லை, காற்றிலுள்ள நீராவியே குளிர்ந்த உலோகத்தில் பட்டுத் துளியாகின்றது. காற்று சூடாயிருக்குமளவுக்கு மிகுதியான ஆவியைத் தாங்கும். 20 டிகிரி உஷ்ணமுள்ள ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீரைத் தாங்க வல்லது. 10 டிகிரியில் சுமார் 9 கிராமும், பூஜ்ய டிகிரியில் 5 கிராமுக்குச் சற்றுக் குறைவுமே தாங்கும். எஞ்சிய நீர், கிடைத்த குளிர்ந்த பரப்பில் படிந்துவிடும்.

அறைக் காற்று 20 டிகிரி உஷ்ணமும் நூற்றுக்கு 80 பங்கு ஈரமும் உடையதாயின், 16 டிகிரிக்குக் கீழுள்ள பரப்பெல்லாம் நனையும். ஈரத்தை 60 பங்காகக் குறைத்தால், 12 டிகிரிக்குக் கீழுள்ளவை மட்டுமே நனையும். ஆகவே பரிகாரம் மூன்று வகைப்படும்: ஆவி எழாமல் தடுத்தல், குளிர்ந்த பரப்புகளைப் போர்த்தல், எழுந்த ஆவியை வெளியேற்றல். இவற்றை இந்த வரிசையிலேயே செய்தல் வேண்டும். பலர் முதலில் மின்விசிறியை வாங்கி, மூடியைக் கடைசியில் நினைக்கின்றனர். அதனால் நேரும் நஷ்டத்தைக் கீழ்க்கண்ட கணக்கு விளக்கும்.

நஷ்டக் கணக்கு

ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு யூனிட் மின்சாரத்திற்குச் சமமான உஷ்ணம் செலவாகின்றது. 10 சதுர மீட்டர் பரப்புள்ள தொட்டியில் நீர்மட்டம் ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்தால், 10 லிட்டர் ஆவியாயிற்று. சுமார் 7 யூனிட் உஷ்ணம் போயிற்று. அந்த 10 லிட்டரை வெளியேற்ற, பூஜ்ய டிகிரியிலுள்ள வெளிக்காற்று ஆயிரம் கன மீட்டருக்கு மேல் உள்ளே வரவேண்டும். அதனை 20 டிகிரிக்குச் சூடாக்க மீண்டும் சுமார் 7 யூனிட் வேண்டும். எழாத ஆவிக்கு இவ்விரு செலவும் இல்லை.

செய்யவேண்டியவை

1. தொட்டியை மூடுக. இரட்டைச் சுவருள்ள பாலிகார்பனேட் தகடு போன்றதைச் சட்டத்திற் பொருத்தி மூடலாம். இரை போடவும் மீனைப் பார்வையிடவும் ஒரு பகுதி எளிதில் திறக்கத்தக்கதாய் இருத்தல் நலம். மீன் துள்ளி வெளியே விழுவதையும் இது தடுக்கும்.

2. வடிகட்டிக்கு மூடி இடுக. நீர் உயரத்திலிருந்து சிதறி விழுமிடத்தில் ஆவி மிகுதி; ஆகையால் குழாயின் வாயை நீர்மட்டத்திற்குக் கீழே அமைக்க வேண்டும். மூடியின் அடியில் தெர்மாகோல் பலகை ஒட்டி, துளிகள் தொட்டிக்குள்ளேயே வழியுமாறு சற்றுச் சாய்வாக வைக்க வேண்டும். ஆனால் காற்றுப் புகாதபடி இறுக அடைத்தல் தவறு. அமோனியாவை மாற்றும் நுண்ணுயிர்களுக்குப் பிராணவாயு இன்றியமையாதது. காற்றுப் பம்பினால் உட்சென்ற காற்று வெளியேற, மூடியிலிருந்து ஒரு குழாயை அறைக்கு வெளியே கொண்டுபோய் விடுதல் சிறந்தது. நிமிஷத்திற்கு 60 லிட்டர் காற்றுத் தரும் பம்பு, 20 டிகிரி நீரிலிருந்து நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் ஆவியைக் கொண்டுவராது; எனினும் அது முழுவதும் ஓரிடத்தில் வெளிப்படுவதால் அவ்விடம் ஓயாது நனைகின்றது.

3. குளிர்ந்த பரப்புகளைப் போர்த்துக. கிணற்றுநீர் வரும் குழாய்களுக்கு ரப்பர் நுரையுறை இட்டு, பொருத்துகளை நாடாவால் ஒட்ட வேண்டும். கூரைக்கும் சுவருக்கும் நுரைப்பலகை அடிக்கையில், ஆவி புகாத பிளாஸ்டிக் தாள் அறையின் உட்புறமாக, அதாவது சூடான பக்கத்தில், இருத்தல் அவசியம். இல்லாவிடில் ஆவி உட்புகுந்து பலகைக்குப் பின்னே படிந்து, கண்ணுக்குத் தெரியாமல் மரத்தை அரிக்கும்.

4. காற்றை அளவாக மாற்றுக. ஈரமானி ஒன்றை மாட்டி, ஈரம் 60 பங்கைத் தாண்டும்போது மட்டும் மின்விசிறி ஓடும்படி அமைக்கலாம். குளிர்நாளில் கதவு சன்னல்களை அகலத் திறந்துவிடுவது கூடாது. திறந்திருக்கும் சூடான நீரின்மேல் குளிர்ந்த வறண்ட காற்று வீசினால் ஆவி முன்னிலும் மிகும். அறைக் காற்று நீரைவிட ஓரிரு டிகிரி அதிக உஷ்ணமாயிருப்பது நன்று. ஈரமுறிஞ்சும் இயந்திரம் வைத்தால், ஆவியிலிருந்த உஷ்ணம் அறைக்கே திரும்பக் கிடைக்கும்.

எச்சரிக்கை

புகைபோக்கியில்லாத மண்ணெண்ணெய் அடுப்பால் அறையைச் சூடாக்குதல் ஆகாது. ஒரு லிட்டர் எண்ணெய் எரிந்தால் ஒரு லிட்டருக்குக் குறையாத நீர் ஆவியாய் அறையிற் சேரும்; மூடிய அறையில் உயிர்கொல்லும் நச்சுவாயுவும் உண்டாகலாம். சுவிட்சுப் பலகையை வடிகட்டிக்கு மேலே வைக்காமல், தூரத்தில் உலர்ந்த சுவரில் அமைத்து, மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் சாதனத்தைப் பொருத்த வேண்டும். கம்பியைச் சற்றுத் தொங்கவிட்டுப் பின் மேலேற்றினால், அதன்வழி வரும் துளி தாழ்ந்த இடத்திலேயே சொட்டிவிடும், உள்ளே புகாது.

இவற்றைத் தொடங்குமுன், புதுநீர் விடுவதை ஒரு நாள் நிறுத்தி, தொட்டியின் ஓரத்தில் நீர்மட்டத்தைக் குறித்துவைக்க. மூடியிட்ட பின் மற்றொரு நாள் அவ்வாறே அளந்து ஒப்பிட்டால் பலன் தெரியும். மூடியிட்டும் மட்டம் முன்போலவே தாழ்ந்தால், குறை ஆவியில் அன்று. தொட்டியிலோ குழாயிலோ கசிவு உளது என்றறிந்து அதனைத் தேடுதல் வேண்டும்.