செல்லங்களோடு தீபாவளி: முதல்முறை கொண்டாடுவோருக்கு முழுமையான வழிகாட்டி

வீட்டுக்கு வந்த நாய்க்குட்டிக்கோ பூனைக்கோ இதுதான் முதல் தீபாவளியா? அப்படியென்றால் ஒன்றை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்வோம். பண்டிகை அன்று நம்மால் செய்ய முடிவது கொஞ்சம்தான். அதற்கு முந்தைய வாரங்களில் செய்து வைப்பதுதான் கைகொடுக்கும். புரட்டாசியிலேயே தொடங்கிவிட்டால் ஐப்பசியில் பதற வேண்டியிருக்காது.

ஏன் இவ்வளவு பயம்?

நம் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நாய்க்கு 45,000 வரை கேட்கும், பூனைக்கு 60,000-க்கும் மேலே. ஒரு பட்டாசு வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் வரை சத்தம் எழுப்பச் சட்டமே அனுமதிக்கிறது. அந்தச் சத்தம் எங்கிருந்து, எப்போது வரும் என்று தெரியாததால் பயம் இன்னும் கூடுகிறது.

பயந்த நாய் எப்போதும் குரைக்காது. வெயிலே இல்லாத நேரத்தில் மூச்சிரைக்கும், உதட்டைத் திரும்பத் திரும்ப நக்கும், வாலைக் கால்களுக்கிடையில் செருகிக்கொள்ளும். உயிராய் நினைக்கும் சிக்கன் துண்டைக்கூட முகர்ந்துவிட்டு விலகும். பூனையோ பீரோவுக்குப் பின்னால் போய்ச் சத்தமில்லாமல் நாள் முழுக்க உட்கார்ந்துவிடும். அதைச் சமர்த்து என்று எண்ணிவிட வேண்டாம், அதுவும் பயம்தான்.

நாலைந்து வாரம் முன்பு: காதைப் பழக்குவோம்

போனில் பட்டாசுச் சத்தப் பதிவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒலியை மிகமிகக் குறைவாக வைப்போம். நாய் காதை லேசாகத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி தன் வேலைக்குப் போக வேண்டும், அதுதான் சரியான அளவு. சத்தம் ஓடும்போதே முட்டையோ சிக்கனோ சின்னச் சின்னத் துண்டாகக் கொடுத்துக்கொண்டிருப்போம். ஐந்து, பத்து நிமிடம் போதும். நாளுக்கு இரண்டு வேளை செய்யலாம்.

இரண்டு மூன்று நாள் சலனமே இல்லை என்றால் ஒரு புள்ளி கூட்டலாம். மூச்சிரைத்தாலோ எழுந்து போனாலோ உடனே பழைய அளவுக்கு இறங்கிவிடுவோம். இதில் அவசரமே கூடாது. தீபாவளிக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் இதைத் தொடங்கவே வேண்டாம், பயம்தான் அதிகமாகும். நேராக அடுத்த படிக்குப் போய்விடலாம்.

இரண்டு வாரம் முன்பு: மருத்துவரைப் பார்ப்போம்

மிகவும் பயப்படும் நாய்க்கு மருந்து கேட்பதில் தயக்கமே வேண்டாம். மருத்துவரிடம் இரண்டு விஷயம் பேச வேண்டும். முதலாவது, பதற்றத்தைக் குறைக்கும் மருந்துதானா என்று கேளுங்கள். வெறுமனே மயக்கம் தரும் சில மாத்திரைகள் உடம்பை அசைய விடாது, ஆனால் உள்ளே பயம் அப்படியே இருக்கும். இரண்டாவது, தீபாவளிக்குச் சில நாள் முன்பே அமைதியான ஒரு பகலில் அதைக் கொடுத்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள். எந்த அளவு ஒத்துக்கொள்கிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். இத்தகைய மருந்துகளைச் சத்தம் தொடங்குவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். பயந்து நடுங்கத் தொடங்கிய பிறகு பலன் குறைவு.

விடுமுறை நாளில் எந்த மருத்துவமனை திறந்திருக்கும் என்பதையும் அன்றே விசாரித்து வைப்போம். சென்னையில் வேப்பேரி, வெளியூர்களில் நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு என்று கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ள ஊர்களில் அதனுடன் மருத்துவமனையும் உண்டு.

கழுத்துப்பட்டையும் ஒளிய ஓர் இடமும்

மிரண்டு ஓடி வழி தெரியாமல் போகும் நாய்கள் தீபாவளி நேரத்தில் ஏராளம். கழுத்துப்பட்டையில் நம் கைப்பேசி எண் பொறித்த தகடு கட்டாயம் வேண்டும். இரண்டு விரல் நுழையும் அளவுக்குத்தான் பட்டை தளர்வாக இருக்கலாம், அதற்கு மேல் என்றால் தலை வழியே உருவிக்கொண்டு ஓடிவிடும். மைக்ரோசிப் பொருத்தினால் பட்டை கழன்றாலும் அடையாளம் இருக்கும். ஆனால் பதிவில் இருப்பது பழைய எண் என்றால் பயனில்லை.

ஒளியும் இடத்தை நாம் தேர்ந்தெடுக்க வேண்டாம், நாயே காட்டிவிடும். கட்டிலுக்கடியிலோ, மாடிப்படிக்குக் கீழோ, குளியலறை மூலையிலோ எங்கே போய்ப் படுக்கிறதோ அங்கேயே பழைய புடவையும் தண்ணீர்க் கிண்ணமும் வைப்போம். பூனை பரணில் ஏறினால் ஏறட்டும், இழுத்து இறக்க வேண்டாம். மண் தட்டை மட்டும் பக்கத்தில் வைத்துவிடலாம்.

அன்றைய நாள், மணி வாரியாக

2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 வரையும், இரவு 7 முதல் 8 வரையும்தான் வெடிக்க அனுமதி. ஆனால் எண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடு நாலு மணிக்கே முதல் சரம் வெடிக்கும் தெருக்கள்தான் அதிகம். அதனால் முந்தின இரவே நாயை வெளியே கூட்டிப்போய் வந்துவிட்டு, மூன்றரைக்குள் ஜன்னல்களைச் சாத்திவிடுவோம். மின்விசிறியை வேகமாகவும் டிவியைச் சற்றுச் சத்தமாகவும் வைத்தால் வெளிச்சத்தம் மங்கும்.

வெளியே நடக்கத் தோதான நேரம் மதியம் ஒன்றரை முதல் மூன்று மணி. ஊரே சாப்பிட்டுப் படுத்திருக்கும். அப்போதும் கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொள்வோம். சாயங்காலச் சாப்பாட்டை ஆறு மணிக்குள் கொடுத்து முடித்துவிடலாம்.

பயந்து நம் மடியில் ஏறினால் அணைத்துக்கொள்ளலாம். தடவிக் கொடுத்தால் பயம் பழகிவிடும் என்று பலர் சொல்வார்கள். அது தவறு. பயம் என்பது பழக்கம் அல்ல, அன்பு காட்டியதால் அது வளராது. திட்டுவதும் கட்டிப்போடுவதும்தான் கெடுக்கும்.

தலைதீபாவளி வீடென்றால் வாசல் திறந்து மூடிக்கொண்டே இருக்கும். கதவைச் சாத்திவிட்டு வரும்படி கோலத்துக்குப் பக்கத்தில் ஓர் அட்டை எழுதி வைப்போம்.

கூண்டுப் பறவைகளின் நுரையீரல் புகையைத் தாங்காது. ஜன்னல் இல்லாத உள்ளறைக்குக் கூண்டை மாற்றி, காற்றுப் போகும்படி மெல்லிய துணி போர்த்துவோம்.

தட்டிலிருந்து எது போகக் கூடாது?

திராட்சை நாயின் சிறுநீரகத்தைப் பாழாக்கக்கூடியது. லட்டிலும் கேசரியிலும் பாயசத்திலும் உலர்ந்த திராட்சை இருப்பது நமக்கு நினைவுக்கே வராது. சாக்லேட், வெங்காயமும் பூண்டும் சேர்ந்த மட்டன் குழம்பு, சைலிட்டால் சேர்த்த சர்க்கரையில்லா இனிப்பு, தீபாவளி லேகியம் எதுவும் வேண்டாம். முறுக்கும் மிக்சரும் விஷமல்ல, ஆனால் அந்த எண்ணெய் கணையத்தை வீங்க வைக்கலாம். குழந்தைகளிடமும் தாத்தா பாட்டியிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுவோம். பாசத்தில் ஊட்டுபவர்கள் அவர்கள்தான். நாய்க்கு வேகவைத்த சிக்கன், சோறு என்று தனி விருந்தே வைத்துவிடலாம்.

எவ்வளவு செலவு?

பெயர்த் தகடு 100 முதல் 200 ரூபாய். மருத்துவர் கட்டணம் 300 முதல் 600, மாத்திரை சில நூறு. எல்லாம் சேர்த்தும் சுமாரான ஒரு பட்டாசுப் பெட்டியின் விலையைத் தாண்டாது. சொந்த ஊருக்குப் போகும்போது விடுதியில் விடுவதென்றால் ஓர் இரவுக்கு 500 முதல் 1,000 வரை ஆகும், தடுப்பூசி அட்டையும் கேட்பார்கள். பயந்த சுபாவமுள்ள நாயை விடுதியில் விடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தெரியாத இடமும் தெரியாத சத்தமும் ஒருசேர வேண்டாம்.

கவனம்

தூக்க மாத்திரை, காய்ச்சல் மாத்திரை என்று நம் மருந்து எதையும் கொடுக்கக் கூடாது. ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையின் உயிரையே எடுத்துவிடும்.

தீக்காயம் பட்டால் குழாய்த் தண்ணீரைப் பத்து நிமிடமாவது மெதுவாக ஊற்றுவோம். பற்பசை, மை, ஐஸ் கூடவே கூடாது. வெடிமருந்தையோ பாம்பு மாத்திரையையோ தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்காமல், அதன் பெட்டியோடு மருத்துவரிடம் ஓடுவோம்.

தெருவில் இருப்பவை, பண்டிகைக்குப் பின்

தெருநாய்களுக்கு நம் வண்டி நிறுத்துமிடத்தில் தண்ணீரும் ஒதுங்க இடமும் கொடுக்கலாம். மறுநாள் வண்டியை எடுக்குமுன் குனிந்து அடியில் பார்த்துவிட்டு எடுப்போம். குடியிருப்புச் சங்கத்தில் வெடிக்கென்று ஒரே இடம் குறிக்கச் சொல்லிப் பேசிப் பார்க்கலாம். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில், பறவைகள் மிரளக் கூடாதென்று ஊரே பல ஆண்டுகளாக வெடி வெடிப்பதில்லை. நாம் கேட்பது ஓர் ஓரத்து இடம் மட்டுமே.

காலையில் வாசலைப் பெருக்கி, வெடிக்காத வெடிகளையும் மத்தாப்புக் கம்பிகளையும் பொறுக்கிய பிறகே நாயை இறக்குவோம். மீந்த பட்டாசைப் பலரும் கார்த்திகை தீபத்துக்கென்று எடுத்து வைப்பார்கள். அதனால் அதுவரை தகட்டைக் கழற்ற வேண்டாம், மருத்துவர் கொடுத்த சீட்டும் கைக்கெட்டும் இடத்திலேயே இருக்கட்டும்.