படைவீடும் படை வீடும்

கேள்வி: படவேட்டுக் கல்வெட்டுகளின் ஒளிப்படங்களை 'படை வீடு' என்ற பெயருள்ள கோப்புறையில் வைத்து, அதை நகலெடுக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதினால், 'படை' என்று எதுவும் இல்லை, 'வீடு' என்றும் எதுவும் இல்லை எனக் கணினி இருமுறை மறுக்கிறது. பெயரை மேற்கோள்குறிக்குள் இட்டால் ஏற்றுக்கொள்கிறது. இந்த வழக்கம் எங்கே தோன்றியது?
(படவேட்டு வாசகர்)

பதில்: ஜவ்வாது மலையடிவாரத்தில், கமண்டல நாகநதியை ஒட்டி அமைந்துள்ள படவேடு, சம்புவராயர்களின் தலைநகராக விளங்கிய காலத்தில் படைவீடு எனப்பட்டது, படை தங்கும் இடம் என்ற பொருளுடைய அச்சொல்லே நாளடைவில் மக்கள் வாயில் படவேடு என்று திரிந்தது. படை, வீடு என்னும் இரண்டும் தனித்தனியே பொருள் தரும் சொற்களாக இருக்க, அவை சேர்ந்து நிற்கும்போது வேறொன்றன் பெயராகி விடுகின்றன. ஓர் எழுத்துத் தொடரை ஒன்றாகக் கொள்வதா, இரண்டாகப் பிரிப்பதா என்ற கேள்வியைத் தமிழ் இலக்கணம் மிக முன்பே எதிர்கொண்டது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நன்னூல், ஒரு சொல்லாக நின்று ஒரு பொருளையும், பிரிந்து தொடராக நின்று வேறொரு பொருளையும் தருவதைப் பொதுமொழி என்று வகைப்படுத்துகிறது. வேங்கை என்பது மரத்தையோ புலியையோ குறிக்கும், வேம் கை என்று பிரித்தால் வேகின்ற கையைக் குறிக்கும் என்பது உரையாசிரியர்கள் காட்டும் விளக்கம்.

இடைக்காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விடப்படவில்லை. மெய்யெழுத்தின் புள்ளியும் பெரும்பாலும் இடப்படவில்லை. கல்லின் ஓரம் வந்ததும் சொல்லின் நடுவிலேயே வரி முறிந்து அடுத்த வரியில் தொடரும். ஓலைச்சுவடியின் நிலையும் அதுவே. படவேட்டு யோகராமர் கோயிலில் அனுமன் சுவடியை ஏந்திப் படிக்கும் கோலத்தில் அமர்ந்திருக்கிறார். அக்காலத்தில் சுவடி படித்தவர் எவராயினும், இடைவெளியற்ற எழுத்து வரிசையைத் தம் மொழியறிவால் சொற்களாகப் பிரித்துக்கொண்டே படித்தார். பிறர் கூற்றுக்கும் தொடக்கக் குறி கிடையாது. 'என்று' என்னும் சொல் கூற்று முடிந்ததைக் காட்டுமே தவிர, அது எங்கே தொடங்கியது என்பதைப் படிப்பவரே உணர்ந்துகொள்ள வேண்டும். இந்த முறை பல நூற்றாண்டுகள் நன்றாகவே நடந்தது, சில இடறல்களுடன். முருகனின் தலங்களைக் குறிக்கும் ஆறுபடை வீடு என்ற வழக்கு, திருமுருகாற்றுப்படையை ஒட்டி எழுந்த ஆற்றுப்படை வீடு என்பதன் மருவிய வடிவம் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அவ்வாறாயின், சொல்லின் எல்லை இடம் மாறியதால் வழி என்று பொருள்படும் ஆறு, எண்ணைக் குறிக்கும் ஆறாகி விட்டது.

சொற்களுக்கிடையே வெற்றிடம் விடும் பழக்கம் ஐரோப்பாவிலும் பிற்பட்டதே. ஏழு, எட்டாம் நூற்றாண்டுகளில் அயர்லாந்துத் துறவிகள், தங்கள் தாய்மொழி அல்லாத இலத்தீனைப் படிப்பதற்குத் துணையாக அதை வளர்த்தனர். மொழியை இயல்பாக அறியாதவர்க்கு எல்லைக்குறி தேவைப்படுகிறது என்ற இந்தச் செய்தியே கணினிக்கும் பொருந்தும், ஏனெனில் படைவீடு என்பது ஊர் என்று அதற்குத் தெரியாது. தமிழில் இன்றைய வடிவிலான இடைவெளியும் மேற்கோள்குறியும் அச்சு நூல்களின் வழியாகவே நிலைபெற்றன.

கட்டளை வரி என்பது, திரையில் படங்களைச் சுட்டாமல் எழுத்தாலேயே கணினிக்கு ஏவல் தரும் முறை. அவ்வேவலைப் படித்துப் பிரித்து உரிய நிரலுக்கு அனுப்பும் இடையாள் ஷெல் எனப்படுகிறது. பெல் ஆய்வகத்தில் உருவான யூனிக்ஸ் இயங்குதளத்துக்குக் கென் தாம்சன் 1971இல் தந்த ஷெல்லும், 1979இல் ஏழாம் பதிப்புடன் வந்த ஸ்டீபன் போர்னின் ஷெல்லும், வரியின் முதற்சொல்லைக் கட்டளையாகவும், இடைவெளிகளுக்கிடையே நிற்கும் பிற சொற்களை அக்கட்டளைக்குரிய தனித்தனிப் பொருள்களாகவும் கொண்டன. இடைவெளியையே பெயரின் உறுப்பாக்க வேண்டியபோது அதன் பிரிக்கும் ஆற்றலை அடக்கி வைக்கும் கருவியாக மேற்கோள்குறி அமைந்தது. ஆகவே இங்கே அக்குறிக்கும் மேற்கோளுக்கும் தொடர்பில்லை. அது பெயரைச் சுற்றிய ஒரு கட்டு. ஒற்றைக் குறிக்குள் எல்லா எழுத்தும் தன் வடிவிலேயே நிற்கும். இரட்டைக் குறிக்குள் டாலர் குறியிட்ட மாறிகள், அதாவது மதிப்பைத் தாங்கும் பெயர்கள், தம் மதிப்பாக விரியும். பின்சாய்கோடு தனக்கு அடுத்த ஓர் எழுத்தின் சிறப்பாற்றலை மட்டும் நீக்கும்.

அக்கால யூனிக்ஸில் கோப்புப் பெயருக்கு 14 எழுத்துகளே எல்லை. பெயர்களைச் சுருக்கமாக இட்ட நிரலாளர்களுக்கு இடைவெளி தேவைப்படவில்லை. கட்டளை வரியே இல்லாத மெக்கின்டாஷ் 1984இல் வந்தபோது, பெயரில் இடைவெளி விடுவது மக்களுக்கு இயல்பாயிற்று. விண்டோஸ் 95 நீண்ட பெயர்களை அனுமதித்ததோடு, நிரல்களை வைக்கும் கோப்புறைக்கே 'புரோகிராம் ஃபைல்ஸ்' என்று இடைவெளியுடன் பெயரிட்டது. பின்னர் 2001இல் வந்த மேக் ஓஎஸ் எக்ஸ் யூனிக்ஸை அடித்தளமாகக் கொண்டதால், இடைவெளியோடு பெயரிட்டுப் பழகிய மக்களும், இடைவெளியில் வெட்டிப் பழகிய ஷெல்லும் ஒரே இயந்திரத்தில் சந்தித்தனர். அவ்வாண்டு நவம்பரில் வெளியான ஐடியூன்ஸ் 2.0 நிறுவியின் ஸ்கிரிப்டில் மாறியைச் சுற்றி மேற்கோள்குறி விடுபட்டிருந்தது. வட்டின் பெயரில் இடைவெளி வைத்திருந்த சிலருடைய கோப்புகள் அதனால் அழிந்துபோக, ஆப்பிள் நிறுவனம் விரைந்து திருத்திய பதிப்பை வெளியிட்டது. 2011இல் லினக்ஸுக்கான பம்பிள்பீ என்ற நிரலின் நிறுவியில் நேர்ந்தது இதன் மறுதலை: அழிக்கும் கட்டளையில் பாதையின் நடுவே ஓர் இடைவெளி தவறி நுழைந்ததால், உட்கோப்புறை ஒன்றுக்குப் பதிலாக 'யூஎஸ்ஆர்' என்னும் முதன்மைக் கோப்புறை முழுவதும் இலக்காயிற்று.

ஐடியூன்ஸ் பிழையின் வேர் போர்ன் ஷெல்லின் ஒரு விதியில் உள்ளது. தொடக்கத்தில் பெயரைக் கட்டித் தந்திருந்தாலும், அது மாறிக்குள் புகுந்து மீண்டும் வெளிவரும்போது கட்டு அவிழ்ந்திருக்கும்; விரிந்த மதிப்பை ஷெல் இடைவெளியில் மறுபடியும் வெட்டும். பல கோப்புகளின் பெயர்களை ஒரே மாறியில் வரிசையாக வைக்க வேறு வழியில்லாத காலத்தில் இது வசதியாக இருந்தது. ஆயினும் அவ்வசதிக்குப் பின்வந்தோர் கொடுத்த விலை மிகப் பெரிது. பெல் ஆய்வகத்திலேயே டாம் டஃப் பின்னர் உருவாக்கிய ஆர்சி என்ற ஷெல், பட்டியலைத் தனி மதிப்பு வகையாக ஏற்று, இந்த மறுவெட்டைக் கைவிட்டது. போர்ன் வழிவந்த ஷெல்லில் எழுதுவோர், கோப்புப் பெயரைத் தாங்கும் மாறியை, அதில் இடைவெளி இல்லை என்று உறுதியாகத் தெரிந்தாலும், ஒவ்வொரு முறையும் இரட்டைக் குறிக்குள்ளேயே இட வேண்டும்.

விண்டோஸில் பொதுவாக வரி முழுவதும் அப்படியே நிரலிடம் சென்று சேர, அதைப் பிரிப்பது பெறும் நிரலின் பொறுப்பாகிறது. ஆகவே அங்கே ஒற்றைக்குறி பெரும்பாலும் கட்டாகப் பயன்படாது. மேலும், பாதையின் இறுதியில் பின்சாய்கோடு நின்று அடுத்து இரட்டைக்குறி வந்தால், கட்டை மூட வந்த குறியை அச்சாய்கோடு வெற்றெழுத்தாக்கிவிட, அதற்குப் பின் வருவதும் பாதையோடு ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: ஆவணம் ஒன்றிலிருந்து மேற்கோள்குறியோடு நகலெடுத்து ஒட்டிய கட்டளையும் பிழை காட்டுவது ஏன்?

பதில்: சொற்செயலிகள் அச்சழகு கருதி, நேராக நிற்கும் குறியைத் திறப்புக்கு ஒன்றும் மூடலுக்கு ஒன்றுமாக வளைந்த குறிகளாக மாற்றிவிடுகின்றன. ஷெல்லுக்கு அவை வேறு எழுத்துகள். கட்டும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை, ஆதலால் பெயரின் பகுதியாகவே எண்ணப்படும். கண்ணுக்கு இடைவெளி போலவே தோன்றும், ஆனால் வரி முறிவதைத் தடுக்கும் வெற்றிடக் குறி இதைவிடக் கடினமானது. அது சொற்களைப் பிரிக்காது, தேடினாலும் கண்ணில் படாது. ஐயம் எழுந்தால் குறிகளையும் இடைவெளிகளையும் அழித்துவிட்டு விசைப்பலகையில் மீண்டும் தட்டச்சிட வேண்டும். கல்வெட்டுப் படங்களைத் தொகுப்போர் கோப்புறையின் பெயரை இடைவெளியின்றிப் 'படைவீடு' என்று இடுவது பாதுகாப்பானது. பழைய கல்லில் வெட்டப்பட்ட முறையும் அதுவே.