கதிர்வீச்சும் அமானிதமும்

கண்ணுக்குப் புலனாகாத பொருளிடத்து மாந்தர் கொள்ளும் மனநிலை இருவகைப்படும். ஒன்று வீண் அச்சம், மற்றொன்று அசட்டை. கதிர்வீச்சைப் பொறுத்தவரை இவ்விரண்டும் நம்மிடையே ஒருங்கே காணப்படுகின்றன. மார்பு எக்ஸ்ரே எடுக்க அஞ்சுவோரும் உளர். எக்ஸ்ரே அறையின் வாயிலில் நின்று எட்டிப் பார்ப்போரும் உளர்.

முதற்கண் அளவை அறிவோம். மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் உணவிலிருந்தும் மனிதன் ஓராண்டில் பெறும் இயற்கைக் கதிர்வீச்சு, உலக சராசரியில் 2.4 மில்லிசீவர்ட். மார்பு எக்ஸ்ரே ஒன்றினால் வருவது ஏறத்தாழ 0.1 மில்லிசீவர்ட். சி.டி. ஸ்கேனில் இது பன்மடங்கு மிகும். மருத்துவர் வேண்டாம் என்றபின் அதனை வற்புறுத்திக் கேட்டல் தகாது. கருவுற்ற மகளிர் தம் நிலையை முன்னரே தெரிவித்தல் வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பும் கைப்பேசியும் அணுக்களை அயனியாக்கும் வகையைச் சார்ந்தவை அல்ல. அவற்றை ஈண்டு விட்டுவிடலாம்.

பெருங்கேடு விளைந்த இடங்கள் வேறு. பிரேசில் நாட்டுக் கொயானியா நகரில் தனியார் மருத்துவ நிலையம் ஒன்று இடம் மாறியபோது, சீசியம்-137 அடங்கிய சிகிச்சைக் கருவியைப் பழைய கட்டடத்திலேயே விட்டுச் சென்றது. 1987 செப்டம்பரில் இருவர் அதனைப் பெயர்த்தெடுத்தனர். அது பழைய இரும்பு வணிகர் ஒருவரின் கைக்குச் சென்றது. இருளில் நீலமாய் ஒளிர்ந்த பொருளை அரும்பொருள் எனக் கருதி, உற்றார்க்கும் நண்பர்க்கும் அவர் பகிர்ந்தளித்தார். ஆறு வயதுச் சிறுமியொருத்தி அத்தூள் படிந்த கையாலேயே உணவுண்டாள். அவள் உட்பட நால்வர் மாண்டனர். ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோரைப் பரிசோதிக்க நேர்ந்தது.

நம் நாட்டிலும் இது நிகழ்ந்தது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் 1985 முதல் பயன்படாது கிடந்த காமாக் கதிர்க் கருவியொன்று 2010-இல் ஏலத்தில் விற்கப்பட்டு, மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் உடைக்கப்பட்டது. உள்ளிருந்த கோபால்ட்-60 தொழிலாளர் ஒருவரின் உயிரைப் பறித்தது. வேறு சிலர் கடும் பாதிப்புக்கு உள்ளாயினர்.

அமானிதம் என்னும் சொல்லுக்கு நம் சமுதாயத்தில் விளக்கம் தேவையில்லை. இவ்விரு நிகழ்ச்சிகளிலும் உடைத்தவர் அறியாதவர். பொறுப்பேற்றிருந்தவரோ அறிந்திருக்க வேண்டியவர். இயற்பியல் ஆய்வகங்களில் பயன்படும் சிறு கதிர்மூலங்கள்கூட, பேராசிரியர் ஓய்வு பெறுங்கால் பதிவேட்டுடன் அடுத்தவரிடம் ஒப்படைக்கப்பட வேண்டியவையே.

பணியிடத்தில் காப்பவை மூன்று: குறைந்த நேரம், மிகுந்த தொலைவு, தக்க தடுப்பு. சிறு மூலமொன்றிலிருந்து இருமடங்கு விலகினால் கதிரின் வலிமை கால் பங்காகும். எனவே ஓரடி பின்வாங்குவதும் பயனுடையதே. எக்ஸ்ரே பணியாளர்க்கு ஈயக் கவசமும், மார்பில் அணியும் அளவைப் பட்டையும் வழங்கப்படுகின்றன. பட்டை கதிரைத் தடுப்பதில்லை. அளப்பது மட்டுமே அதன் வேலை. அதனை இழுப்பறையில் வைத்துவிட்டுப் பணிக்குச் செல்வோரும் உளர் எனக் கேள்வியுறும்போது நமக்கு வியப்பே மேலிடுகின்றது. பணியாளர்க்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டும், பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்டும் வரம்புகள். இயற்கையில் வருவதும் மருத்துவத்திற்காக நோயாளி பெறுவதும் இக்கணக்கில் சேரா.

மூவிதழ்க் குறி பலருக்கும் பொருள் விளங்காதது என்பதை உணர்ந்த பன்னாட்டு அணுசக்தி முகமை, 2007-இல் மற்றொரு குறியையும் அறிமுகப்படுத்தியது. சிவப்பு முக்கோணத்துள் கதிரலைகள், மண்டையோடு, ஓடும் மனிதன், எழுத்தறியாரும் உணர்வர். உறையைப் பிரிக்க முனைவோர் கண்ணில் படுமாறு கருவியின் உட்புறத்தில் இது பதிக்கப்படும். இவ்விரு குறிகளுள் எதனைப் பழைய இரும்புக் குவியலில் கண்டாலும், தொடாது விலகி, பிறரையும் விலக்கி, உடனே காவல் நிலையத்திற்குத் தெரிவித்தல் வேண்டும்.