தாள் ஒட்டிய முக்காலி

உங்கள் வீட்டில் பழைய மர முக்காலி ஏதாவது இருக்கிறதா? மூன்று கால் இருந்தால் முக்காலி, நான்கு கால் இருந்தால் நாற்காலி. ஆனால் நான்கு கால் ஸ்டூலைக்கூடச் சிலர், "அந்த முக்காலிய எடு" என்றுதான் சொல்வார்கள். எத்தனை கால் இருந்தாலும் சரி, அதன்மேல் படங்களை ஒட்டி அழகாக்கலாம். இந்தக் கலையின் பெயர் டெக்குபாஜ். ‘வெட்டுதல்’ என்ற பொருள் தரும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது.

18-ஆம் நூற்றாண்டில், இத்தாலியின் வெனிஸ் நகரத்துப் பணக்காரர்களுக்குச் சீனா, ஜப்பான் நாட்டு அலமாரிகள் என்றால் ஆசை. அந்த நாடுகளில் ஒரு மரத்தின் பாலைப் பல தடவை பூசி, மரச்சாமான்களைப் பளபளக்க வைப்பார்கள். கப்பலில் வரும் அவற்றின் விலையோ மிக அதிகம்! வெனிஸ் கைவினைஞர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அச்சிட்ட படங்களை வெட்டி, வண்ணம் தீட்டி, மரத்தில் ஒட்டி, மேலே வார்னிஷ் பூசினார்கள். கையால் வரைந்த ஓவியம் போலவே இருந்தது. பஸ்ஸானோ என்ற ஊரில் ரெமொந்தினி குடும்பத்தாரின் அச்சகம், இதற்காகவே படத்தாள்களை அச்சிட்டு விற்றது. இத்தாலிய மொழியில் இந்த வேலைக்கு ‘ஏழை அரக்கு’ என்று பெயர். அந்த ‘ஏழை’ அலமாரிகள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

நாமும் செய்யலாமா? முதலில் வீட்டில் கேளுங்கள். "அம்மா, இந்த முக்காலியில படம் ஒட்டட்டுமா?" ஒட்டிக் காய்ந்த தாளைக் கிழியாமல் எடுக்க முடியாது. அதனால்தான் கேட்கச் சொல்கிறேன். தாத்தாவின் பழைய புகைப்படம், கடிதம் எதையும் வெட்டாதீர்கள். நகல் எடுத்து, அதை ஒட்டுங்கள். வீட்டுப் பிரிண்டரின் மை பசை பட்டால் கலங்கிவிடலாம். லேசர் நகல் கலங்காது.

பழைய தமிழ் நாட்காட்டியில் நல்ல படங்கள் இருக்கும். ஆனால் முக்காலியில் உட்காருவோம் அல்லவா? தாளில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீடுகள் நம்மிடம் நிறைய உண்டு. உட்காரும் இடத்தில் சாமி படத்தை ஒட்டினால், "என்ன பிள்ளை இது!" என்று பாட்டி கேட்பார். அந்தப் படத்தைப் பெட்டி மூடிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முக்காலிக்குப் பூ, மீன், மயில் போதும்.

இனி வேலை. மரத்தை உப்புத்தாளால் தேயுங்கள். அதில் உப்பு இருக்காது, நக்கிப் பார்க்க வேண்டாம்! மணல் போலச் சொரசொரப்பாக இருக்கும். மிகப் பழைய பெயிண்ட் என்றால் தேய்க்கவே கூடாது. அதில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூசி நஞ்சு. பெரியவரிடம் காட்டுங்கள்.

வெள்ளைப் பசையில் கொஞ்சம் தண்ணீர் கலந்து, மரத்திலும் தாளின் பின்பக்கத்திலும் மெல்லியதாகப் பூசுங்கள். இப்போதுதான் கவனம் வேண்டும். ஈரம் பட்டதும் தாள் விரியும். அவசரப்பட்டால், "ஐயோ, சுருங்கிப் போச்சே!" என்று கத்துவீர்கள். படத்தின் நடுவில் விரலை வைத்து, ஓரத்தை நோக்கி மெதுவாகத் தள்ளுங்கள். உள்ளே இருக்கும் காற்று வெளியே போகும். அப்படியும் ஒரு குமிழி நின்றால், ஊசியால் குத்தி அழுத்துங்கள்.

ஒரு நாள் காயட்டும். பிறகு வார்னிஷ். ஒரு பூச்சு நன்றாகக் காய்ந்தபின் அடுத்த பூச்சு. பொறுமைசாலிகள் 20, 30 தடவைகூடப் பூசுவார்கள். உங்களுக்கு நான்கைந்து போதும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள். தாளின் ஓரம் இன்னும் தட்டுப்படுகிறதா? அப்படியென்றால் இன்னும் ஒரு பூச்சு.

கேட்டு வாருங்கள்: உப்புத்தாளை உங்கள் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி என்ன பெயர் சொல்லி அழைப்பார்கள்? ஊருக்கு ஊர் வேறு பெயர் இருக்கும். அடுத்த வகுப்பில் சொல்லுங்கள்.