கேஸ் இல்லாத ஊர் பத்திரமான ஊரா?

2020 ஏப்ரல் மூன்றாவது வாரம் வரை தருமபுரி மாவட்டத்தில் ஒரு கொரோனா நோயாளிகூடப் பதிவாகவில்லை. சென்னை தவித்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்த மாத இறுதியில் மத்திய அரசு நாட்டின் மாவட்டங்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று பிரித்துப் பட்டியல் போட்டது. தமிழ்நாட்டில் பச்சை வாங்கிய ஒரே மாவட்டம், பக்கத்திலிருக்கும் கிருஷ்ணகிரி. பட்டியல் வந்த சில நாட்களிலேயே அங்கேயும் தொற்று உறுதியானது. பச்சை போயிற்று.

அந்தப் பட்டியல் சொன்னது, அதுவரை யாருக்கு வந்திருக்கிறது என்பதை. அடுத்து வந்தால் எந்த ஊர் தாங்கும், எது தாங்காது என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதுதான் கிராமங்களைப் பற்றி நாம் செய்த பெரிய தவறு. தருமபுரி மாவட்டத்துக் கடத்தூரையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் மனதில் வைத்து, அந்தக் குழப்பத்திலிருந்து முளைத்த சில நம்பிக்கைகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். அடுத்த பெருந்தொற்று என்றைக்கு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அது வரும்போது எந்த வீட்டுக் கதவை முதலில் தட்ட வேண்டும் என்பதை இப்போதே தெரிந்துவைத்துக்கொள்ளலாம்.

“ஊர்க்காத்து சுத்தம், நமக்கு வராது”

முதல் அலையின்போது இது கிட்டத்தட்ட உண்மை போலவே தெரிந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் ரத்தத்தில் எதிர்ப்பணுக்கள் இருக்கின்றனவா என்று நான்கு முறை சோதித்தது. 2020 ஆகஸ்ட், செப்டம்பரில் நடந்த இரண்டாவது ஆய்வில், நகரத்துக் குடிசைப் பகுதிகளில் 15.6 சதவீதம் பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது. கிராமங்களில் 4.4 சதவீதம்தான். 2021 ஜூன், ஜூலையில் நடந்த நான்காவது ஆய்வில் நகரம் 69.6, கிராமம் 66.7. பத்தே மாதத்தில் இடைவெளி மறைந்துவிட்டது. தடுப்பூசி போட்டவர்களும் அந்தக் கணக்கில் உண்டு. ஆனாலும் அப்போது கிராமங்களில் ஊசி போட்டவர்கள் குறைவு.

ஆக, கிராமத்துக்கு நோய் வராமல் போகவில்லை, தாமதமாக வந்தது. தாமதம் என்பது கையில் கிடைத்த அவகாசம். அதை ‘நமக்கு வராது’ என்று எடுத்துக்கொண்டோம். கிராமங்களிலும் பழங்குடிப் பகுதிகளிலும் தொற்றை எப்படிக் கையாள வேண்டும் என்ற தனி வழிகாட்டு நெறிமுறையை மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்டது 2021 மே 16 அன்று. நாட்டின் அன்றாடத் தொற்று உச்சத்தைத் தொட்டு அதற்குள் பத்து நாள் ஆகியிருந்தது. அடுத்த ஐந்தாம் நாள், மே 21, தமிழ்நாடு தன் உச்சத்தைத் தொட்டது: ஒரே நாளில் 36,184 பேர்.

காற்றைப் பற்றிய நம்பிக்கையில் ஒரு பாதி சரி. திறந்த வயலில் களை எடுக்கும்போது தொற்று எளிதில் பரவாது. ஆனால் அந்த வயலுக்குப் போகும் ஷேர் ஆட்டோவிலும் சரக்கு வண்டியிலும் பரவும். எட்டுப் பேர் படுத்துறங்கும் இரண்டு அறை வீட்டில் பரவும். எழவு வீட்டில், காதுகுத்தில் பரவும். 2011 கணக்கெடுப்பின்படி தருமபுரி மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 335 பேர். சென்னையில் 26,553 பேர். இந்த எண்ணை மட்டும் பார்த்தால் தருமபுரிக்குக் கவலையே இல்லை. நோய் பரவுவதை அளக்கப் பார்க்க வேண்டியது சதுர கிலோமீட்டரை அல்ல, ஓர் அறைக்கு எத்தனை பேர் என்பதை.

1918இல் உலகைத் தாக்கிய இன்ஃப்ளூயன்சா காய்ச்சலையும் மறந்துவிடக் கூடாது. அப்போது இந்தியா ஏறக்குறைய முழுக்கக் கிராமங்களால் ஆனது. கணக்கெடுப்பு வரலாற்றில் நாட்டின் மக்கள்தொகை குறைந்த ஒரே பத்தாண்டு, அந்தக் காய்ச்சல் வந்த 1911-21தான்.

“செத்தவங்க எல்லாம் வயசானவங்க, வேற நோய்ல போனவங்க”

2020இல் இந்தியாவில் பதிவான மரணங்களில், இன்ன காரணம் என்று மருத்துவர் சான்றளித்தவை 22.5 சதவீதம்தான். மற்றவை வெறுமனே ‘இறப்பு’. வீட்டிலேயே உயிர் பிரிந்தால் உறவுக்காரர் சொல்வதுதான் காரணம்: மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, வயது. 2020, 2021 இரண்டு ஆண்டுகளிலும் இந்தியாவில் பெருந்தொற்றை ஒட்டிக் கூடுதலாக நேர்ந்த இறப்புகள் ஏறத்தாழ 47 லட்சம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் மதிப்பிட்டது. அரசுக் கணக்கு 4.8 லட்சம். நிறுவனத்தின் மதிப்பீட்டு முறையை இந்திய அரசு ஏற்கவில்லை. எந்தப் பக்கம் எவ்வளவு சரி என்று இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. காரணம் எழுதப்படாத மரணங்கள் இத்தனை இருக்கும் நாட்டில், இறப்பு எண்ணிக்கையை வைத்து ஒரு ஊரின் பாதிப்பை அளக்க முடியாது என்பது மட்டும் உறுதி.

எண் குறைவாக இருப்பதற்கு நோய் இல்லாததும் காரணமாக இருக்கலாம், சோதனை செய்யாததும் காரணமாக இருக்கலாம். சோதனைச் சாவடி, மாஸ்க், தனிமைப்படுத்தல், பதினான்கு நாள் கூலி போகுமே என்ற பயம் — இத்தனையும் சேர்ந்தால் காய்ச்சல்காரர் மெடிக்கல் ஷாப்பில் இரண்டு மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டோடு இருந்துவிடுவார். பூஜ்யம் கேஸ் என்று வரும் ஊரைப் பார்த்துத்தான் நாம் முதலில் பதறியிருக்க வேண்டும்.

“உழைக்கிற உடம்பு, சர்க்கரை கிர்க்கரை எல்லாம் டவுன்காரங்களுக்கு”

கொரோனாவில் உயிருக்கு ஆபத்தைக் கூட்டியவை சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும். 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு ஒன்றை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்தின. சர்க்கரை நோய் நகரங்களில் 16.4 சதவீதம், கிராமங்களில் 8.9 சதவீதம். இதுவரை சரி. ஆனால் சர்க்கரைக்கு முந்தைய நிலையில் இருப்பவர்கள் நகரத்தில் 15.4, கிராமத்தில் 15.2. வித்தியாசமே இல்லை. அதாவது கிராமத்துக்கும் வந்துகொண்டிருக்கிறது, தெரியாமல் வந்துகொண்டிருக்கிறது. நகரத்தில் சோதித்துப் பார்த்திருப்பார்கள். இங்கே கால் புண் ஆறவில்லை என்று போகும்போதுதான் ‘சக்கரை இருக்குதும்மா’ என்பார்கள்.

பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இந்த இடத்தில்தான் பெரிய மாற்றம். வீட்டுக்கே போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கும் திட்டம் அது. அந்தப் பதிவேட்டை வேறு கண்ணோடு பார்த்தால், அடுத்த பெருந்தொற்றில் எந்தெந்த வீட்டில் ஆபத்து அதிகம் என்ற பட்டியல் பாதி தயாராகவே இருக்கிறது.

“மாவட்டத்துக்கு ஒரு மார்க் போட்டாப் போதும்”

இதுதான் படித்தவர்களின் நம்பிக்கை. அதனாலேயே இதில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டியிருக்கிறது.

2020இல் ராஜீப் ஆச்சார்யா, ஆகாஷ் போர்வால் இருவரும் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் இந்தியாவுக்கான பாதிப்புக் குறியீடு ஒன்றை வெளியிட்டார்கள். பொருளாதாரம், மக்கள்தொகை அமைப்பு, வீடும் சுகாதாரமும், மருத்துவ வசதி, நோய் நிலை என்று ஐந்து தலைப்பு. அவற்றின் கீழ் 15 அளவுகோல். ஒவ்வோர் அளவுகோலிலும் மாவட்டங்களை வரிசைப்படுத்தி, அந்த இடங்களைச் சராசரியாக்கி, பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே ஒரு எண்ணுக்கு வருவது அதன் முறை. மாநிலங்களில் மத்தியப் பிரதேசம் அதிகப் பாதிப்புக்குரியதாகவும், சிக்கிம் குறைந்ததாகவும் வந்தன. நேர்மையான, பயனுள்ள வேலை. பணத்தை எங்கே முதலில் அனுப்புவது என்று டெல்லியிலும் சென்னையிலும் இருப்பவர்கள் முடிவெடுக்க அது உதவும்.

சிக்கல், அந்த எண்ணை ஊருக்குள் கொண்டுவரும்போது. கிடைத்த தரவுகள் 2011 கணக்கெடுப்பும் 2015-16 குடும்ப நல ஆய்வும். 2021இல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு அப்போது எடுக்கப்படவில்லை. 2011இல் கடத்தூர்ப் பக்கம் பள்ளியில் படித்த பையன் இன்றைக்கு பெங்களூருவில் கட்டட வேலையில் இருப்பான், இல்லை திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பான். ஊரில் பெற்றோர் இருவரும் அவன் பிள்ளையும். பழைய கணக்கில் அது இளைஞர் உள்ள வீடு. காய்ச்சல் வரும் ராத்திரியில் அங்கே வண்டி ஓட்ட ஆள் இல்லை.

மாவட்டச் சராசரி இடத்தையும் மறைக்கிறது. இதே தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம் வட்டத்துக் கோட்டூர் மலைக்குத் தேர்தல்களில் வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். தருமபுரி நகரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இரண்டுக்கும் சேர்த்து ஒரே மார்க்.

பிழைப்பையும் பாருங்கள். எந்தக் குறியீட்டிலும் நான் பார்க்காத ஒரு அளவுகோல் இது: ஊரடங்கு போட்டால் அந்த ஊரின் விளைச்சல் எத்தனை நாள் காத்திருக்கும்? கடத்தூரின் வெற்றிலைச் சந்தை சுற்று வட்டாரம் அறிந்தது. வெற்றிலை காத்திருக்காது. தண்ணீர் தெளித்து ஈரத்துணியில் சுற்றி வைத்தாலும் சில நாளில் காம்பு கறுத்து, இலை அழுகிவிடும். பறிக்காமல் விட்டால் முற்றிப்போகும், கொடிக்கும் கேடு. சந்தை மூடினால் அந்த வாரமே வருமானம் போயிற்று. பாலக்கோட்டுத் தக்காளிக்கும் இதே கதிதான். வெல்லம் அப்படியல்ல, ஈரம் படாமல் வைத்தால் மாதக்கணக்கில் நிற்கும். பாப்பிரெட்டிப்பட்டி மஞ்சள் நிற்கும், புளி நிற்கும், கேழ்வரகு நிற்கும். மூன்று மைல் இடைவெளியில் இருக்கும் இரண்டு ஊர்களில், ஒன்று வெற்றிலைக் கொடியை நம்பியும் மற்றொன்று கேழ்வரகை நம்பியும் இருந்தால், ஒரே ஊரடங்கு ஒன்றை வட்டிக்கடைக்கு அனுப்பும், மற்றொன்றை விட்டுவைக்கும். காய்ச்சலோடு வெற்றிலை பறிக்கப் போவதா வீட்டில் இருப்பதா என்பதை அந்த நிலைமைதான் தீர்மானிக்கிறது. ஆகவே தொற்றுப் பரவலையும் அது தீர்மானிக்கிறது.

“பின்தங்கின மாவட்டம், எல்லாத்திலும் பலவீனம்தான்”

2011இல் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தருமபுரி: 68.54 சதவீதம். நூற்றுக்கு எண்பத்திரண்டு பேருக்கு மேல் கிராமவாசிகள். இதை வைத்துத் தருமபுரியைக் கடைசி வரிசையில் உட்கார வைத்துவிடுவது சுலபம். ஆனால் இங்கே அரிசி அட்டை வைத்திருக்கும் எல்லா வீட்டுக்கும் ரேஷன் கடையில் அரிசி உண்டு. 2021 மே, ஜூன் மாதங்களில் அரிசி அட்டைக்கு 4,000 ரூபாய் இரண்டு தவணையாக அந்தக் கடை வழியாகத்தான் வந்தது. ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதில் ஒரு கிராம சுகாதார செவிலியர். எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்த வீட்டில் பிறந்த குழந்தை என்று ஏட்டைப் புரட்டாமல் சொல்லக்கூடியவர் அவர். ஒரு நெருக்கடியில் நோயாளியைத் தேடி அலைய வேண்டாத ஊருக்கு அது பெரும் பலம். எந்தக் குறியீட்டு எண்ணிலும் அது முழுதாக வராது.

மறுபக்கமும் உண்டு. 2019 அக்டோபரில் வெளியான உலக சுகாதாரப் பாதுகாப்புக் குறியீட்டில் முதலிடம் அமெரிக்காவுக்கு. அடுத்த மூன்று ஆண்டுகளில் அங்கே பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆய்வகமும் படுக்கையும் எண்ணப்பட்டன. அரசு சொல்வதை மக்கள் நம்புவார்களா என்பது சரியாக எண்ணப்படவில்லை. நம்பிக்கை எத்தனை சீக்கிரம் உடையும் என்பதை நாமும் பார்த்தோம். நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று தடுப்பூசி போட்டுக்கொண்டு, 17ஆம் தேதி மாரடைப்பில் இறந்தார். இறப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று தேசியக் குழு ஆராய்ந்து சொன்னது. அது வருவதற்கு மாதங்கள் ஆயின. பயம் அன்றைக்கே ஊருக்கு வந்துவிட்டது.

“அளக்கறது பெரிய படிப்பாளிங்க வேலை”

ஒரு ஊராட்சியில் இதைச் செய்யக் கணினி வேண்டாம், ஒரு நீள நோட்டு போதும். வீடு வீடாக ஒரு வரி: எத்தனை பேர், எத்தனை அறை, அறுபதைத் தாண்டியவர் தனியாக இருக்கிறாரா, சர்க்கரை, பிரஷர், டயாலிசிஸ், காசநோய் மாத்திரை உண்டா, வெளியூரில் யார், எந்த ஊரில், போன் நம்பர் என்ன, கூலி ஒரு வாரம் நின்றால் அடுப்பு எரியுமா, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வண்டி எடுக்க யார் இருக்கிறார்கள். மழைக்காலத்தில் 108 ஆம்புலன்ஸ் வீட்டு வாசல் வரை வருமா, இல்லை ரோட்டோரம் வரை தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்று தனியாக ஒரு கட்டம்.

கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும். ஆனால் வண்டி வாசலுக்கு வராத ஊரில் முன்கூட்டியே கிளம்பியாக வேண்டும். கொரோனாவில் பலருக்கு மூச்சுத் திணறல் தெரியாமலே ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழே இறங்கியது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் தெருவுக்கு ஒன்று இருந்திருந்தால் ஒரு நாள் முன்னால் கிளம்பியிருக்கலாம். அந்த மே 16 நெறிமுறையிலேயே, காய்ச்சல்காரர் வீட்டுக்கு ஆக்சிமீட்டரையும் தெர்மாமீட்டரையும் இரவலாகக் கொடுத்து வாங்கும் ஏற்பாடு சொல்லப்பட்டிருக்கிறது. இன்றைக்கு உங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையத்தில் வேலை செய்யும் ஆக்சிமீட்டர் எத்தனை, அவற்றில் பேட்டரி இருக்கிறதா என்று கேட்டாலே அளவீடு தொடங்கிவிட்டது.

நோட்டில் இருப்பவை மனிதர்களின் நோயும் கடனும். அதனால் அது டீக்கடைப் பெஞ்சில் கிடக்கக் கூடாது. செவிலியர் கையில் இருக்க வேண்டும். பெயர் இல்லாத மொத்த எண்ணிக்கையைச் சபையில் வாசிக்கலாம். தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள். கடத்தூர் பேரூராட்சி என்பதால் அங்கே பகுதி சபை. தெருவிளக்கும் குடிநீரும் பேசி முடித்தபின், ஊரில் தனியாக இருக்கும் முதியவர் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு ராத்திரி வண்டி எடுக்க ஆள் உண்டு என்ற இரண்டு எண்களைக் கேட்டு மினிட்ஸ் நோட்டில் எழுத வையுங்கள். அடுத்த கூட்டத்தில் இரண்டாவது எண் கூடியிருக்கிறதா என்று பாருங்கள்.