செயின் கழண்டுக்கும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கதை வந்து சேர்ந்தது. கண்மாயும் மழையும் நன்றாக வந்திருக்கின்றன. ஆட்கள்தான் சரியில்லை. அப்பத்தா, டீக்கடைக்காரர், பேங்க் மேனேஜர் எல்லாருமே உன்னைப் போலவே பேசுகிறார்கள். மனதில் இருப்பதை ஒளிக்காமல், முழு வாக்கியமாக, இலக்கணம் தவறாமல் சொல்லிவிடுகிறார்கள். வீட்டில் யார் அப்படிப் பேசுகிறார்கள்?

நம் புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்தே ஒரு பயிற்சி தருகிறேன். 1991-இல் இங்கே அறிவொளி இயக்கம் வந்தது. எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகியதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்கவில்லை. பார் வைத்த ஆண்கள் சைக்கிளே தேவலை, பாரில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்றார்களாம்.

அந்தக் காலத்தில் ஒருத்தி புருஷனிடம் சைக்கிள் கேட்கிறாள். நீ எழுதினால் இப்படி எழுதுவாய்:

“பெண்களும் சைக்கிள் ஓட்டலாம். அது எங்கள் உரிமை.”

“ஊர் என்ன பேசும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.”

இது மேடைப் பேச்சு. இப்போது இதைப் பார்:

“சைக்கிள எடுத்துக்கிட்டுப் போகவா?”

“செயின் கழண்டுக்கும்.”

“மாட்டத் தெரியும்.”

“யாரு சொல்லிக் குடுத்தா?”

உரிமை, பயம் என்று யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் அவள் ஏற்கெனவே பழகிவிட்டாள் என்பது அவனுக்கும் நமக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிடுகிறது. இதை நீ மேற்கொண்டு எழுது. அவன் ‘வேண்டாம்’ என்று சொல்லக்கூடாது, அவள் ‘ஆசை’ என்று சொல்லக்கூடாது. திண்ணையில் இருக்கும் மாமியாருக்கு ஒரே ஒரு வாக்கியம் கொடு. அது சைக்கிளைப் பற்றியதாக இருக்கவே கூடாது.

இன்னொன்று, கூப்பிடுகிற முறை. கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையை நினைத்துக்கொள். பூ கொண்டுவரும் விவசாயியைக் கடைக்காரர் “வாங்கண்ணே” என்கிறார். முன்பணம் கொடுத்த பிறகு அதே ஆளை “வாப்பா” என்கிறார். முகூர்த்தம் இல்லாத நாளில், பூ வரத்து குவிந்து கிடக்கும்போது, தலைநிமிராமல் “ம்”. கடனைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாமல் இந்த மூன்று காலைகளையும் எழுதிப் பார்.

வட்டார வழக்கு என்று எல்லாச் சொல்லையும் உடைத்துப் போடாதே. எழுத்துக்கூட்டிப் படிக்க வைத்தால் வாசகருக்கு எரிச்சல்தான் வரும். ஒருவருக்கு இரண்டு மூன்று சொல் அவருடையதாக இருந்தால் போதும்.

புதுக்கோட்டைக்குப் போனால் திருக்கோகர்ணத்தில் ஞானாலயா நூலகம் இருக்கிறது. இங்கேயே வாழ்ந்த கந்தர்வனின் சிறுகதைகளைக் கேட்டு வாங்கிப் படி. யார் பேசுகிறார் என்று சொல்லும் இடங்களை விரலால் மறைத்துக்கொண்டு உரையாடலை மட்டும் படித்து, ஆளைக் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பார். பிறகு உன் கதையையும் அதே சோதனைக்கு வை.

சைக்கிள் காட்சியை முதலில் எழுது. ஒரு பக்கத்துக்கு மேல் போகவேண்டாம். வாய்விட்டுப் படித்து, நாக்கு இடறுகிற இடத்தை வெட்டிவிடு. வாட்ஸ்அப்பில் போடாமல் தாளிலேயே எழுதி அனுப்பு. ஓரத்தில் நான் குறிப்பு எழுத இடம் விடு.

அன்புடன்,
பெரியப்பா