கோடு போட்டே நிழல் வரவழைக்க

பென்சிலைத் தேய்த்து விரலால் இழுத்து நிழல் கொண்டுவரும் பழக்கத்தைக் கொஞ்ச நாள் ஒதுக்கிவையுங்கள். சாதாரண பால்பாயிண்ட் பேனாவே போதும்.

ஒரு தாளில் 1 அங்குலக் கட்டங்கள் ஆறை ஒரே வரிசையில் போடுங்கள். முதலாவது வெள்ளையாகவே இருக்கட்டும். இரண்டாவதில் 3 மி.மீ. இடைவெளியில் சாய்கோடுகள், மூன்றாவதில் அதே கோடுகள் நெருக்கமாக. நான்காவதில் எதிர்ச்சாய்வில் இன்னொரு அடுக்கு. அடுத்ததில் படுக்கைக் கோடு, கடைசியில் நிமிர்ந்த கோடும் சேரும்.

கறுப்பு வேண்டும் என்று பேனாவை அழுத்தாதீர்கள். எல்லோரும் செய்யும் தப்பு இது. கோடுகளுக்கு நடுவே மிஞ்சும் வெள்ளை குறையக் குறையத்தான் இருட்டு கூடும். ஜெர்மானிய ஓவியர் ட்யூரர் 1514-இல் செம்புத் தகட்டில் செதுக்கிய ‘மெலன்கோலியா’வின் இருட்டெல்லாம் இப்படி வந்ததுதான்.

கோடுகள் செங்குத்தாக வெட்டிக்கொண்டால் கொசுவலை மாதிரி தெரியும்; சாய்வை லேசாக மாற்றினால் மென்மையாக இருக்கும். கை வளையாத பக்கம் வந்தால் தாளைத் திருப்பிக்கொள்ளுங்கள். முனையில் சேரும் மைத்திட்டைத் துணியில் அடிக்கடி துடையுங்கள்.

முடித்ததும் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். எந்தக் கட்டத்தில் இருட்டு திடீரென்று தாவுகிறதோ, அதை மறுபடி போடுங்கள். கை பழகியபின் ஜன்னலோரம் ஒரு முட்டையை வைத்து வரையலாம்.